பாட்டிலுக்குள் வறட்சி: கரும்புத் திசு வளர்ப்பில் எது எங்கே கெடுகிறது

வறட்சி தாங்கும் செடியைத் தேடி நாம் வேலை பார்க்கும் இடத்தில் வறட்சியே கிடையாது. மூடிய பாட்டிலுக்குள் ஈரப்பதம் கிட்டத்தட்ட நூறு, வேரடியில் சர்க்கரை, தலைக்கு மேல் டியூப்லைட். அங்கே நாமே ஒரு செயற்கை வறட்சியை உண்டாக்கி, அதில் பிழைத்ததைப் பொறுக்கி, ஓமலூர்க் காட்டில் கொண்டுபோய் நட வேண்டும். இந்த வழியில் நான் கெடுத்த பாட்டில்களுக்குக் கணக்கில்லை. கெட்ட விதங்களை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

நான் கையாண்டது கரும்பு, பெரும்பாலும் கோ 86032 ரகம். குருத்துக்குள் சுருண்டிருக்கும் இளம் இலையை வட்டம் வட்டமாக நறுக்கி, எம்எஸ் என்ற ஊட்டக் கலவையில், அதாவது மீடியாவில், லிட்டருக்கு 3 மில்லிகிராம் 2,4-டி என்ற ஹார்மோனைச் சேர்த்து இருட்டில் வைத்தால் கேலஸ், அதாவது உருவமில்லாத செல் கட்டி, வரும். அந்தக் கேலஸை பாலிஎத்திலீன் கிளைக்கால் 6000, அதாவது பெக், கலந்த மீடியாவில் வாட்டி, பிழைத்ததிலிருந்து தளிர் எடுக்கிறோம். கேலஸ் வழியாக வரும் செடிகளில் தாய்ச்செடியில் இல்லாத குணங்கள் தலைகாட்டும். லார்கினும் ஸ்கோக்ராஃப்டும் 1981-இல் அதற்கு சோமாகுளோனல் வேரியேஷன் என்று பெயர் வைத்தார்கள். நம் முழுப் பந்தயமும் அந்த மாறுதல் மேல்தான்.

சேலத்தில் இருப்பவர்கள் அடுத்து மரவள்ளியைப் பற்றிக் கேட்பார்கள். மரவள்ளி ஏற்கெனவே இலையை உதிர்த்துக்கொண்டு வறட்சியைத் தள்ளிவிடும் பயிர். நம் ஊரில் அதைப் படுத்துவது தேமல் நோய். அதற்கு முனைக்குருத்தை எடுத்து வைரஸ் இல்லாத கன்று உண்டாக்குவதுதான் திசு வளர்ப்பின் நல்ல உபயோகம். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமாக வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். இங்கே கரும்புக்கு வருவோம்.

பெக் போட்ட மீடியா உறையவே மாட்டேன் என்கிறது

"அக்கா, நேத்து ஊத்துனது இன்னிக்கும் கஞ்சியாவே இருக்கு" என்று லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லோரும் ஒருநாள் வந்து நிற்பார்கள். மீடியாவை உறைய வைக்கும் அகரைக் கூட்டிப் பார்ப்பார்கள். 8 கிராமை 12 ஆக்குவார்கள், 15 ஆக்குவார்கள். பிரயோஜனம் இல்லை. பெக் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்காகத்தானே அதைப் போடுகிறோம்? அளவு கூடக் கூட அகர் ஒழுங்காக வலை பின்னாது.

வழி இரண்டு. ஒன்று, திரவ மீடியாவில் ஃபில்டர் பேப்பரை மடித்துப் பாலம் போல நிறுத்தி, அதன் மேல் கேலஸை வைப்பது. மற்றது, பெக் இல்லாத அகர் மீடியாவை முதலில் உறைய விட்டு, அதன் தலையில் பெக் கலந்த திரவ மீடியாவை ஊற்றி 24 மணி நேரம் விட்டு, பிறகு மேலே நிற்பதை வடித்துவிடுவது. நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். கை கொஞ்சம் தவறினாலும் கேலஸ் மூழ்காது.

இதில் ஒரு குழி இருக்கிறது. மேலே ஊற்றிய பெக் கீழே இருக்கும் அகரோடு கலந்து நீர்த்துவிடும். 20 மில்லி அகரின் மேல், கிலோ தண்ணீருக்கு 250 கிராம் பெக் உள்ள திரவத்தை 30 மில்லி ஊற்றினால், கடைசியில் கேலஸுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 140 கிராம் கணக்குதான். பாட்டில் மேல் 250 என்று எழுதிவிட்டு, "எங்கள் கேலஸ் 250-ஐத் தாங்கியது" என்று சந்தோஷப்பட்ட காலம் எனக்கும் உண்டு.

எல்லாமே செத்துப்போனது, அல்லது எதுவுமே சாகவில்லை

இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. நீங்கள் கொடுத்ததாக நினைக்கும் வறட்சி வேறு, கேலஸ் உணர்ந்த வறட்சி வேறு.

முதலில் தராசுப் பக்கம் போங்கள். பெக் 200 கிராமை எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தீர்களா, அல்லது கரைத்து மொத்தத்தையும் ஒரு லிட்டருக்கு நிரப்பினீர்களா? மைக்கேலும் காஃப்மனும் 1973-இல் கொடுத்த சூத்திரத்தைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறோம். அது கிலோ தண்ணீருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு. அதன்படி 200 கிராம், 25 டிகிரியில், மைனஸ் 0.49 மெகாபாஸ்கல். இது தண்ணீரை இழுக்கும் வலுவின் அளவு, மைனஸில் எண் கூடக் கூட வறட்சி கடுமை. அதே 200 கிராமை லிட்டருக்கு நிரப்பினால் உள்ளே தண்ணீர் 830 மில்லிக்கு அருகில்தான் இருக்கும். அப்போது அது மைனஸ் 0.68 பக்கம் போய்விடும். ஒரே டப்பா, ஒரே தராசு, ஒரே ஆள். எல்லாம் செத்ததற்கு அந்த ஒரு வித்தியாசம் போதும்.

இன்னொன்று, பெக்கின் வேலை நேர்கோட்டில் ஏறாது. 100 கிராமுக்கு மைனஸ் 0.15 என்றால் 200-க்கு அதன் இரட்டிப்பு வராது, மூன்று மடங்குக்கும் மேல் வரும். 300 போட்டால் மைனஸ் 1.03. அதனால் 200-இல் பாதி செத்ததே என்று 300-க்குத் தாவாதீர்கள். 225, 250 என்று போங்கள்.

எதுவுமே சாகவில்லை என்றால் அறையின் வெப்பத்தைப் பாருங்கள். சூடு ஏறினால் பெக்கின் இழுவை குறையும். 25 டிகிரியில் மைனஸ் 0.49 தரும் அதே கரைசல் 35 டிகிரியில் மைனஸ் 0.40 தான் தரும். சித்திரை மாதத்தில் மத்தியானம் கரண்ட் போய், ஏ.சி. நின்று, ஜெனரேட்டரை யாரும் போடவில்லை என்றால், அன்றைக்கு உங்கள் கேலஸுக்குக் கொஞ்சம் மழை பெய்த மாதிரி. வளர்ப்பறையில் அதிக பட்சம், குறைந்த பட்சம் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று மாட்டி வையுங்கள்.

அடுத்தது கேலஸ் துண்டின் அளவு. பெரிய கட்டியாக வைத்தால் அடியில் உள்ள செல்கள் செத்து, மேலே உள்ளவை அந்தப் பிணத்தின் மேல் சுகமாக உட்கார்ந்திருக்கும். மீடியா அவற்றைத் தொடவே இல்லை. நாலு வாரம் கழித்து மேலே ஒரு வெள்ளைப் புள்ளி வளரும்போது, தாங்கும் செல் கிடைத்துவிட்டது என்று குதிப்போம். அது தப்பிப் பிழைத்த செல், தாங்கிய செல் இல்லை. துண்டு 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பிழைத்த பகுதியை மட்டும் ஸ்கால்பெல் முனையால் கிள்ளி, கறுத்ததை ஒரு துளியும் ஒட்டாமல் நீக்கி, அதே அளவு பெக்கில் மறுபடி வையுங்கள். இரண்டாவது சுற்றில்தான் குட்டு வெளிப்படும்.

திரவத்தில் மூழ்கடித்து வளர்ப்பவர்களுக்கு ஒன்று. பெக் கரைசல் பாகு மாதிரி கெட்டி, அதில் ஆக்சிஜன் கரைவதும் நகர்வதும் குறைவு. ஷேக்கரில் ஆட்டாமல் வைத்தால் கேலஸ் மூச்சுத் திணறிச் சாகும், நாம் வறட்சி என்று எழுதி வைப்போம்.

மானிட்டால் போடலாமா என்று கேட்பார்கள். 0.2 மோலார் மானிட்டால் மைனஸ் 0.5 மெகாபாஸ்கல் தரும், அகரும் அழகாக உறையும். ஆனால் அது சின்ன மூலக்கூறு, செல்லுக்குள் நுழைந்துவிடும். பெக் 6000 நுழையாது. எனக்குப் பெக்தான் சரி.

செடி வைக்காத பாட்டிலும் கெட்டுப்போகிறது

இதில்தான் நான் மிக அதிகமாகப் பணம் இழந்தேன். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சேலத்தில் ஏ.சி. செலவு தாங்காமல், கேலஸ் வேலையை ஏற்காட்டில் ஒரு சின்னக் கட்டடத்துக்கு மாற்றினோம். மீடியாவை ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் அதே ஆட்டோகிளேவ், அதே செய்முறை, 15 பவுண்டு, 20 நிமிடம். மேலே போன முதல் மாதமே தொல்லை. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று மீடியாவுக்குள் பால் சிந்தியது போல வெண்மை. பூஞ்சாணம் இல்லை, பாக்டீரியா. லேமினாரை, அதாவது வடிகட்டிய காற்றில் வெட்டும் மேஜையை, துடைத்தோம், ஃபில்டரை மாற்றினோம். வெட்டிக்கொண்டிருந்த பெண்ணைத் திட்டினேன். அது இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் அவள் தொடாத பாட்டில்களும் கெட்டிருந்தன.

அந்த இடத்தில்தான் பிடி கிடைத்தது. வெண்மை கேலஸைச் சுற்றி மட்டும் இருந்தால் குற்றவாளி செடித்துண்டோ கையோதான். கேலஸே வைக்காத பாட்டிலிலும் வந்தால் குற்றவாளி ஆட்டோகிளேவ். அதனால் ஒவ்வொரு முறை ஆட்டோகிளேவ் போடும்போதும் நாலு பாட்டிலை ஒன்றும் வைக்காமல் ஒரு வாரம் ஓரமாக வைத்துப் பாருங்கள்.

ஆட்டோகிளேவ் கெடவில்லை. மலைதான் காரணம். பிரஷர் கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எத்தனை பவுண்டு என்பதை. சேலத்தில் வெளிக்காற்று 14 பவுண்டுக்கும் மேல். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டில் 12 பவுண்டு சொச்சம். கேஜில் முள் 15-இல் நின்றாலும் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தம் குறைவு. ஆவியின் வெப்பமும் 121 டிகிரியைத் தொடாமல் 118 பக்கத்தில் நின்றுவிடும். பேசில்லஸ் வகைகளின் வித்துகளுக்கு அந்த மூன்று டிகிரி பெரிய சலுகை. மேலே குடியிருப்பவர்களுக்குப் பருப்பு வேகும் நேரத்திலேயே இது தெரியும். நான் கீழே சமைத்துவிட்டு மேலே வேலைக்குப் போனவள், எனக்கு உறைக்கவில்லை.

செய்ய வேண்டியது: ஆயிரம் அடிக்கு அரை பவுண்டு என்று கூட்டிக்கொள்ளுங்கள். ஏற்காட்டுக்கு 17.5 பவுண்டு. இயந்திரத்தின் தகட்டில் அந்த அழுத்தம் அனுமதிக்கப்பட்டிருந்தால் மட்டும். சேஃப்டி வால்வைத் திருகி ஏமாற்றாதீர்கள். பிரஷர் குக்கரில் வேலை பார்க்கும் சின்ன லேப் என்றால் வெயிட்டைக் கூட்ட முடியாது, நேரத்தைத்தான் கூட்ட வேண்டும். 118 டிகிரிக்கு ஏறக்குறைய இரு மடங்கு நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரம் வேகும்போது சர்க்கரை கருகி மீடியா தேன் நிறமாகும், பி.எச். 5.8-இலிருந்து இறங்கும். ஆகையால் பெரிய ஃபிளாஸ்க்கில் வேக வைக்காமல் சின்னச் சின்ன அளவில் பிரித்து வையுங்கள். எங்கே வேலை செய்தாலும், ஆவி சீறி ஒரே சீராக வெளியே வந்து, உள்ளிருந்த காற்று முழுக்கப் போன பிறகே வால்வை மூடுங்கள்.

மலையின் இன்னொரு குறும்பு. ஏற்காட்டில் மூடிய பாட்டில்களை இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கிச் சேலம் கொண்டுவந்தால், பத்து நாளில் மூடியின் விளிம்பு ஓரமாகப் பூஞ்சாணம் வட்டம் கட்டும். கீழே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் கூடும், பாட்டில் மூச்சை உள்ளே இழுக்கும். பஸ்ஸின் தூசியும் கூடவே போகும். போதாக்குறைக்கு வளைவில் மீடியா தளும்பி மூடியை நனைத்திருக்கும். இறக்குவதற்கு முன் மூடியைச் சுற்றி கிளிங் ஃபிலிமை இறுக்கிச் சுற்றுங்கள். வந்ததும் வெளிப்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து இரண்டொரு நாளில் சப்கல்ச்சர் செய்யுங்கள், அதாவது புது மீடியாவுக்கு மாற்றுங்கள்.

வெட்டிய இடம் கறுக்கிறது

கரும்பில் இது சகஜம். காயத்திலிருந்து கசியும் ஃபீனால் காற்றுப் பட்டுக் கறுக்கிறது. வெட்டியதை அஸ்கார்பிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும் கலந்த கரைசலில் போட்டு எடுங்கள். முதல் இரண்டு வாரம் இருட்டில் வைத்து, மூன்று நாளுக்கு ஒரு தரம் புது மீடியாவுக்கு மாற்றுங்கள். கரித்தூள் போட்டால் கறுப்பு அடங்கும், ஆனால் அது 2,4-டியையும் சேர்த்து உறிஞ்சிவிடும். கேலஸ் எடுக்கும் கட்டத்தில் எனக்கு அது பிடிக்காது.

கேலஸ் பிழைத்தது, தளிர் வரவில்லை

எந்தக் கேலஸ் என்று பாருங்கள். லேசாக மஞ்சள் ஓடிய வெள்ளையில், ரவை உருண்டை போலக் கெட்டியாக, ஃபோர்செப்ஸ் பட்டால் உதிரும் கேலஸ்தான் செடியாகும். நீர் கோத்து, ஜவ்வரிசிக் கஞ்சி போலத் தெளிந்து, ஒட்டிக்கொள்ளும் கேலஸ் எத்தனை வாரம் வளர்ந்தாலும் வெறும் சதைதான். பெக்கில் போடுவதற்கு முன்பே அதைக் கழித்துவிடுங்கள். கழிக்க மனசு வராது. கழித்தே ஆகவேண்டும்.

நல்ல கேலஸும் வயசானால் மலடாகும். மாதக்கணக்கில் 2,4-டியிலேயே உருட்டிக்கொண்டிருந்தால் தளிர் விடும் சக்தி போகும். வந்தாலும் பச்சையம் இல்லாத வெள்ளைத் தளிராக வரும். அதற்கு வைத்தியம் இல்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். வாட்டலை இரண்டு மூன்று சுற்றோடு நிறுத்தி, 2,4-டியை எடுத்துவிட்டு, வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். பெக்கிலிருந்து வந்த கேலஸ் தளிர் விட வழக்கத்தைவிடத் தாமதமாகும், பதறி, தளிரைத் தூண்டும் ஹார்மோனான பிஏபியைக் கூட்டாதீர்கள். கூட்டினால் அடுத்த தொல்லை வரும்.

இலை கண்ணாடி மாதிரி நிற்கிறது

பிஏபி அதிகம், அகர் குறைவு, பாட்டிலுக்குள் காற்றோட்டம் இல்லை. மூன்றையும் சரி செய்யுங்கள். ஏற்கெனவே கண்ணாடியானதில் வறட்சிச் சோதனை எதுவும் செய்யாதீர்கள், அது தண்ணீரில் ஊறிய அப்பளம்.

பாட்டிலில் ஜோராக இருந்தது, வெளியே எடுத்த மூன்றாம் நாள் சாய்ந்தது

"வறட்சி தாங்கும் செடின்னீங்க, டிரேயிலயே தாங்கலையே" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். பாட்டிலில் பிறந்த இலைக்கு மெழுகுப் பூச்சு மிக மெல்லியது, அதன் இலைத்துளைகளுக்கு மூடவே தெரியாது. அதன் பரம்பரையில் எந்தக் குணம் இருந்தாலும் முதல் இரண்டு வாரம் அது ஒரு ஈரத்துணிதான். ஹார்டனிங்கில், அதாவது பாட்டில் செடியை வெளிக்காற்றுக்குப் பழக்கும் கட்டத்தில், செத்ததை வைத்து ஒரு வரிசையைத் தள்ளவோ, பிழைத்ததை வைத்து மெச்சவோ கூடாது.

சின்ன சோதனை ஒன்று: பாட்டிலிலிருந்து ஒரு இலையைக் கிள்ளி மேஜை மேல் வையுங்கள். பக்கத்தில் பாலிஹவுஸில் தேறிய செடியின் இலை. பாட்டில் இலை நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் சுருண்டுவிடும். இரண்டும் சுருளும் நேரம் நெருங்கி வந்தால் செடி வெளியே வரத் தயார்.

வேரில் ஒட்டிய அகரை வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கழுவுங்கள். அதில் சர்க்கரை இருக்கிறது, மிச்சம் விட்டால் பூஞ்சாணம் விருந்துக்கு வரும். கார்பெண்டசிம் கரைசலில் முக்கி, அலசிய கோகோபீட் நிரப்பிய புரோட்ரேயில் நட்டு, பாலித்தீன் கூடாரத்துக்குள் வையுங்கள். இரண்டு வாரம் மூடியே இருக்கட்டும். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, மொத்தம் நாலிலிருந்து ஆறு வாரம். இலை நுனி மட்டும் கருகினால் தண்ணீரில் உப்பு என்று அர்த்தம். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இதற்கு ஆகாது, மழைத்தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

பங்குனி, சித்திரையில் சேலத்தில் ஹார்டனிங் வேண்டாம். ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் வேண்டாம், தண்டு அடியிலேயே அழுகும். மேலே தேறிய செடியைக் கீழே இறக்கினால், நிழல்வலைக்குள் இன்னொரு பத்து நாள் வைத்துவிட்டு நடுங்கள். மலைக்குளிரில் தேறியது நேராக மேச்சேரி வெயிலுக்கு நிற்காது.

புரோலின் எகிறுகிறது, வயலில் வித்தியாசம் இல்லை

புரோலின் என்பது வாடும் செடி சேர்த்துவைக்கும் ஓர் அமினோ அமிலம். அதற்கு நிறம் வரவைக்கும் நின்ஹைட்ரின் போட்டு, 520 நானோமீட்டரில் படித்து, புரோலின் மூன்று மடங்கு என்று கட்டம் போட்டு வைத்திருப்பீர்கள். ஈர எடைக்குக் கணக்குப் போட்டீர்களா, உலர் எடைக்கா? வாட்டிய திசுவில் தண்ணீர் குறைவு. புரோலின் ஒரு துளியும் கூடாமலேயே, ஈர எடைக் கணக்கில் கூடியதாகத் தெரியும். உலர் எடைக்கு மாற்றிப் பாருங்கள், பாதி சந்தோஷம் அங்கேயே வடியும். மிச்சம் இருப்பதும் செடி கஷ்டப்படுகிறது என்பதைச் சொல்லும். தாங்குகிறது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

அடுத்த சந்தேகம், கேலஸ் உண்மையிலேயே மாறியதா, பழகிக்கொண்டதா என்பது. பிழைத்த கேலஸைப் பெக் இல்லாத மீடியாவில் மூன்று சப்கல்ச்சர் வளர்த்து, திரும்பப் பெக்கில் போடுங்கள். பழையபடி நின்றால் நம்பலாம். வாட்டாத கேலஸ் போலவே சுருண்டால் அது வெறும் பழக்கம், பெக்கை எடுத்ததும் மறந்துவிட்டது. ஒரே கேலஸுக்கு அளவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தப் பழக்க வகைதான் அதிகம் வரும் என்பது என் அனுபவம். எடுத்த எடுப்பில் கடுமையாகப் போட்டால் கிடைப்பது கொஞ்சம், ஆனால் பேச்சு மாறாது.

வயலில் ஒப்பிடும் செடியும் முக்கியம். கரணை (கரும்புத் துண்டு) நட்ட தாய் ரகத்தோடு திசுச்செடியை ஒப்பிடாதீர்கள். திசுச்செடி முதல் பயிரில் தூர் அதிகமாகக் கட்டும், கரும்பு மெலிந்து வரும், அது பாட்டிலின் மிச்சம். வாட்டாத கேலஸிலிருந்து அதே வாரத்தில் வந்த செடியைப் பக்கத்து வரிசையில் நடுங்கள். முதல் பயிரில் முடிவு எழுதாதீர்கள். அதிலிருந்து கரணை எடுத்து நட்டு, தூர் கட்டும் பருவத்தில், சுமார் 60-ஆம் நாளிலிருந்து 150-ஆம் நாள் வரை தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள். நடுவில் கோடை மழை ஒன்று கொட்டினால் தேதியையும் அளவையும் நோட்டில் எழுதுங்கள். ஒரே மழையில் எல்லா வரிசையும் வறட்சி தாங்கும் வரிசையாகிவிடும். முடிந்தால் மறுதாம்பையும், அதாவது வெட்டிய தூரிலிருந்து மறுபடி வரும் பயிரையும், விட்டுப் பாருங்கள்.

நன்றாக நிற்பது எந்த வரிசை என்று தெரியவில்லை

பாட்டிலில் மார்க்கரால் எழுதியது ஸ்பிரிட் துடைப்பில் போகும். வயல் குச்சியில் எழுதியது ஒரு கோடை வெயிலில் போகும். எங்கள் மேட்டுப் பாத்தியில் மற்றவை காய்ந்து கிடந்தபோது ஏழு தூர் பச்சையாக நின்றன. அவை எந்தக் கேலஸிலிருந்து வந்தவை, எத்தனை கிராம் பெக்கில் நின்றவை என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பாட்டிலில் பென்சிலால் எழுதிய காகிதச் சீட்டை டேப்புக்கு அடியில் ஒட்டுங்கள். வயலில் அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி, கம்பியில் கோத்துத் தூரிலேயே கட்டுங்கள். கரணை வெட்டும் ஆட்களிடம் அந்தத் தகட்டை முதல் நாளே காட்டிவிடுங்கள்.